பாடகர் டேமியன் ரைஸின் ‘ஓ’ ஆல்பத்தைச் சிலர் உயிராகக் கொண்டாடுகிறார்கள், சிலர் புலம்பல் என்கிறார்கள். ஏன்?

இரண்டு கட்சியிலும் இருந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

2004-ல் வந்த ‘குளோசர்’ படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் பாட்டுதான் எனக்கு அறிமுகம். அது பிடித்துப்போய் ஆல்பத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பத்துப் பாட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம், மனிதர் அழுதுகொண்டே இருக்கிறார். இவருக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசக் கூடாதா என்றுதான் தோன்றியது.

அப்புறம் ஒரு நாள் தூக்கம் வராத ராத்திரியில் இயர்போனில் கேட்டேன். அது வேறு ஆல்பம்! கம்பியில் விரல் வழுக்குகிற சத்தம், பாடுவதற்கு முன் இழுக்கிற மூச்சு எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. காரணம் இருக்கிறது. ரைஸ் அயர்லாந்தின் கில்டேர் பகுதிக்காரர். ஜூனிப்பர் என்ற ராக் பேண்டில் இருந்தார், பெரிய கம்பெனி ஒப்பந்தம் கிடைத்தும் ஒத்துவராமல் விலகி இத்தாலியின் டஸ்கனிக்குப் போய்விட்டார். (மிச்சமிருந்தவர்கள் பெல் எக்ஸ்1 என்ற பேண்ட் ஆனார்கள், அவர்களும் நன்றாகவே வந்தார்கள்.) திரும்பி வந்தபோது, ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த டேவிட் ஆர்னால்ட் தூரத்து உறவு என்பதால் வீட்டிலேயே பதிவு செய்யக் கருவிகள் கிடைக்க உதவினார். 2002-ல் வந்த ஆல்பம் அப்படி உருவானது. வீட்டில் பாடியதை நாமும் வீட்டில் தனியாகத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் ஸ்பீக்கரில் போட்டால் வெறும் முனகல்தான்.

பிடித்தவர்கள் பெரும்பாலும் “என் காதல் தோல்விக்கு இதுதான் மருந்து” என்பார்கள். எனக்கு அது பாதி உண்மை. முழு உண்மை ஆல்பத்தில் ரைஸோடு சேர்ந்து பாடுகிற லிசா ஹானிகனிடம் இருக்கிறது. ‘ஐ ரிமெம்பர்’ பாட்டில் அவர் அமைதியாக ஒரு நினைவைச் சொல்கிறார், பின்பாதியில் ரைஸ் வந்து கத்துகிறார், ஒரே உறவு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பது உங்களுக்கு விளங்கிவிடும். ரைஸ் மட்டும் பாடியிருந்தால் இது ஒருவரின் முறையீடாகவே நின்றிருக்கும். விவியன் லாங் வாசிக்கிற செல்லோவும் (பெரிய வயலின் மாதிரியான கருவி) அப்படித்தான், ரைஸ் அழுகிற இடத்தில் அது கூடச் சேர்ந்து அழாமல் தள்ளி நின்று பார்க்கிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ‘குளோசர்’ படத்தில் வந்த அந்தப் பாட்டை என் நண்பன் ஒருவன் காதலிக்கு அனுப்பினான், கண்ணை எடுக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்ப வருகிறதே என்று. கடைசி வரியை அவன் கேட்கவே இல்லை. வேறு ஒருத்தி கிடைக்கும் வரைக்கும் என்று மெதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறார்! ரைஸ் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதில்லை. ‘சியர்ஸ் டார்லின்’ பாட்டில் கிளாஸ் சத்தமும் கிளாரினெட்டுமாக, குடித்துவிட்டுக் குத்திப் பேசுகிற ஒருவனாகவே வருகிறார். புலம்பல் என்பவர்கள் இந்தக் கசப்பைத்தான் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசிப் பாட்டான ‘எஸ்கிமோ’வின் நடுவில் ஓபரா குரல் எழும்பும்போது எனக்கு இன்றும் கொஞ்சம் ஓவர் என்றுதான் படுகிறது.

அந்தப் பாட்டு முடிந்ததும் சிடியில் சத்தமே இருக்காது. தீர்ந்துவிட்டது என்று நான் பல தடவை எடுத்து வைத்திருக்கிறேன். எடுக்காதீர்கள், உள்ளே இன்னும் இரண்டு பாட்டு ஒளிந்திருக்கிறது. கடைசியில் ‘சைலன்ட் நைட்’ மெட்டில் வேறு வார்த்தைகளைப் போட்டு ஹானிகன் தனியாகப் பாடுகிறார், ரைஸின் குரல் அங்கே கிடையாது.