குத்துச்சண்டை கிளப் நடத்த யார் யார் வேண்டும்?

வடசென்னையில் பத்து நண்பர்கள் சேர்ந்து கிளப் ஆரம்பிக்கிறோம், யாருக்கு என்ன பொறுப்பு கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. தலைவராக ஏரியாவில் மதிப்புள்ள பெரியவர் ஒருவரைப் போடுங்கள், இடம் கேட்கவும் ஸ்பான்சர் பிடிக்கவும் அவர் முகம் உதவும். ஆனால் கிளப்பை உண்மையில் ஓட்டுவது செயலாளர்தான். பையன்களின் வயதுச் சான்று, மருத்துவச் சான்று, மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும், அதனால் வாட்ஸ்அப்பில் உடனே பதில் போடுகிற ஆளாகப் பாருங்கள். பொருளாளர் வேறு ஆளாக இருக்கட்டும். காசும் கோச்சிங்கும் ஒரே கையில் இருந்தால் சண்டை ரிங்குக்கு வெளியே வரும்!

கோச்சை மட்டும் கமிட்டி வேலையில் இழுக்காதீர்கள். அடிபட்ட பையன் எப்போது திரும்ப ஸ்பாரிங் (ஜோடி சேர்ந்து போடும் பயிற்சிச் சண்டை) செய்யலாம் என்பதில் அவரும் டாக்டரும் சொல்வதே முடிவு, தலைவர் தலையிடக் கூடாது. நாக் அவுட் ஆனவனுக்குக் குறைந்தது 30 நாள் ஓய்வு என்பது போட்டி விதி, பயிற்சியிலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தன்னார்வலர்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் ஸ்பாரிங் நாளில் கட்டாயம் இருக்க வேண்டும். சிறுவர், சிறுமியர் வந்தால் அவர்கள் பயமில்லாமல் புகார் சொல்ல, கோச் அல்லாத ஒருவர், முடிந்தால் ஒரு அம்மா, பொறுப்பில் இருக்கட்டும். கிளவுஸ் காயவைப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் சீனியர் பையன்களே முறை வைத்துச் செய்யலாம்.