கருவேலங்காட்டைத் திருத்துவோர் கேள்விகள்

கேள்வி: மூன்று ஏக்கரில் சீமைக் கருவேலம் தொடைப் பருமனுக்கு வளர்ந்திருக்கிறது. 35 குதிரைத்திறன் டிராக்டரில் வாரியை (நீண்ட பற்கள் கொண்ட, வேர் திரட்டும் கருவி) மாட்டி வேரோடு இழுத்துவிடலாமா?

பதில்: முடியாது. தூர் தோண்டிய பிறகு மண்ணில் மிஞ்சும் வேரையும் முள்ளையும் திரட்டுவதற்கே வாரி. நிற்கும் மரத்துக்குப் பொக்லைன்தான் வேண்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு மரங்களைத் தரையோடு வெட்டினோம். மழைக்குப் பின் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டதே?

பதில்: துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி அந்தப் பகுதியை முழுவதும் எடுக்காத வரை, ஒரு மரம் இருந்த இடத்தில் பல கிளைகள் எழும். காய் உதிரும் பருவத்தில் கருவேலங்காட்டில் மேய்ந்த ஆடுகளை அந்த நிலத்தில் கிடை போடவும் வேண்டாம். புழுக்கையோடு விதையும் வந்து விழும்.

கேள்வி: ஜேசிபி வைத்து ஒரே நாளில் நிலத்தைச் சுத்தமாக வழித்துவிட்டோம். இப்போது போட்ட சோளம் வெளிறி நிற்கிறது. என்ன உரம் இடலாம்?

பதில்: வழித்தது முள்ளை மட்டுமன்று, மேல்மண்ணையும்தான். இதைப் பல முறை எழுதியும் ஒவ்வொரு கோடையிலும் இதே கடிதம் வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏக்கருக்கு ஓர் அங்குல மண் போனால் 35 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் நூறு கன அடி) மேல் போனதாகக் கணக்கு. அதே அளவு வண்டலை விலைக்கு வாங்கி அடித்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்று தெரியும். மட்கிய சத்தும் நுண்ணுயிரும் பெரும்பகுதி மேல் அரையடிக்குள் இருக்க, அதைத் தகட்டாலும் பக்கெட்டாலும் தள்ளி வரப்போரம் குவித்துவிட்டு, அடிமண்ணில் விதைத்துவிட்டு, மூட்டை உரத்தால் சரிசெய்ய நினைப்பது வீண் செலவு. வாரியின் பற்களுக்கிடையே இடைவெளி இருப்பதே மண் கீழே உதிர்ந்து வேர் மட்டும் வருவதற்காகத்தான். முதல் ஓட்டத்தில் பற்களை ஆழமாக இறக்காமல் வாரி, வேர்களைச் சில நாள் வெயிலில் காயவிட்டு, மண் உதிர்ந்த பிறகு குறுக்கே இரண்டாம் முறை வாரி ஒதுக்க வேண்டும். ஈரத்தில் வாரவே கூடாது; அதிலும் கரிசல் மண் வேரோடு கட்டியாக ஒட்டிக்கொண்டு குவியலுக்குப் போய்விடும். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, வரப்போரக் குவியலில் உள்ள வேரைப் பிரித்து எடுத்து மண்ணைத் திரும்ப நிலத்தில் பரப்புவது. பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுவது. அடுத்த முறை இயந்திரத்தை வாடகைக்குப் பேசும்போது பக்கத்தில் நின்று வேலை வாங்குங்கள்.

கேள்வி: என் நிலத்தைச் சுத்தம் செய்ய எவ்வளவு செலவாகும்?

பதில்: பரப்பு, மண் வகை, தூரின் பருமன் ஆகியவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் தொகையைக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரங்களோடு எழுதுங்கள். அதுவரை ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசாதீர்கள். விரைவில் முடிக்க மண்ணையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: அடிவேரைச் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்குகிறது. முன்னால் பாரம் ஏற்றினால் போதுமா?

பதில்: சங்கிலியை எங்கே கட்டினீர்கள் என்று எழுதவில்லையே! பின் அச்சிலோ மேல் இணைப்பிலோ கட்டியிருந்தால், வேர் பிடித்துக்கொண்ட ஒரு நொடியில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் அடியில் சிக்குவார். பாரம் ஏற்றுவது இதற்கு மாற்றாகாது. தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியைத் தவிர வேறெங்கும் கட்டாதீர்கள். வேர் அசையவில்லையென்றால் நிறுத்திவிட்டு, சுற்றிலும் தோண்டுங்கள்.

கேள்வி: குவித்த வேர்களுக்குத் தீ வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மண் கலந்த குவியல் சரியாக எரியாமல் பல நாள் உள்ளேயே கனன்று, காற்றடித்தால் பக்கத்துப் பனைகளுக்குத் தாவும். தடித்த தூரும் வேரும் கரிமூட்டத்துக்கு விலை போகும். மண்ணை உதறிக் கொடுங்கள்.

கேள்வி: அருகம்புல்லையும் வாரியால் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், கோடையில் மட்டும். முதலில் கொத்துக் கலப்பையால் உழுது, வேர்த்தண்டு காய்ந்த பின் வாருங்கள். ரோட்டவேட்டர் ஓட்டினால் அது துண்டுதுண்டாகி, ஒவ்வொரு கணுவிலும் முளைக்கும். இங்கும் சொல்கிறேன், ஈரத்தில் வாராதீர்கள்.