'மச்சான்' என்றவர்கள் 'சார்' என்கிறார்கள்

கேள்வி: வயது 43, தண்டையார்பேட்டை. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் 14 வருஷ வேலை. 8 மாதம் முன்பு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதிலிருந்து படபடப்பு, நெஞ்சில் பிடிப்பு, கண் இமை துடிப்பு, முடி கொட்டுதல், தூக்கமின்மை. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். நெட்டில் இதற்குக் காரணம் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் என்கிறார்கள், டெஸ்ட் எடுக்கலாமா? நண்பர் கொடுத்த அல்ப்ரசோலம் என்ற பதற்ற மாத்திரையை 2 மாதமாக இரவில் போடுகிறேன். ஒன்றாகச் சாப்பிட்ட பசங்க இப்போது நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சில நாள், நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். முடி கொட்டுவதற்கும் இமை துடிப்பதற்கும் நடுவே அதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நேராகவே கேட்கிறேன்: அந்த எண்ணம் வந்து போய்விடுகிறதா, இல்லை வந்து உட்கார்ந்துகொள்கிறதா? உயிரை விடுவது பற்றி, எப்படி என்ற அளவுக்கு யோசித்திருக்கிறீர்களா? ஆம் என்றால் இன்று ஷிப்டுக்குப் போக வேண்டாம். தனியாக இருக்கவும் வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நள்ளிரவில் எண்ணம் வந்தால் 14416, டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தூக்கம் போவது, தான் பாரம் என்று தோன்றுவது, வாயைத் திறக்காமல் இருப்பது மூன்றும் சேர்ந்தால் மனச்சோர்வா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் ஏரியாவில் 'கீழ்ப்பாக்கம்' மனநல மருத்துவமனை என்றாலே கிண்டல்தான். கிண்டலுக்குப் பயந்து எத்தனையோ பேர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அல்ப்ரசோலம் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. உங்கள் நண்பர் எந்தக் கல்லூரியில் மருத்துவம் படித்தார்? சரி, போட்டாயிற்று. கோபித்துக்கொண்டு இன்றே நிறுத்திவிடவும் கூடாது. 2 மாதம் தினமும் போட்டதைத் திடீரென்று விட்டால் படபடப்பு இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார். அதுவரை அட்டை மனைவியிடம் இருக்கட்டும். குடிப்பழக்கம் இருந்தால் இரண்டும் சேரவே கூடாது.

கார்ட்டிசால் டெஸ்ட் வேண்டாம். அது காலையில் ஏறி இரவில் இறங்கும் ஹார்மோன். உங்கள் நிலையில் அந்த எண் எதையும் சொல்லாது. இமை துடிப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவும் டீயும் செய்யும் வேலை. முடி பெரும்பாலும் தானே திரும்ப வரும். இதயம் விஷயத்தில் அப்பாவின் வயதை மறக்க வேண்டாம். ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் வருஷா வருஷம் பாருங்கள். படியேறும்போது நெஞ்சு பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் உடனே இதய மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்தும் விடவில்லை, வியர்க்கிறது என்றால் 108.

இனி யார்டுக்கு வருவோம். ட்ரெய்லர் வரிசை முன்பும் எண்ணூர் விரைவுச்சாலை வரை நின்றதுதான், ஏஜென்ட் முன்பும் போனில் கத்தினவர்தான். அப்போது பக்கத்தில் ஒருத்தன், "நீ போய் சாப்பிடு மச்சான், நான் பாத்துக்கிறேன்" என்றான். இப்போது அவனே "சார்" என்கிறான். சம்பளம் ஏறியது, ஆள் போய்விட்டது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வேலைப் பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற இரண்டும் சேர்ந்தால் மனிதன் நொறுங்குவான் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதினார். 1988இல் ஜான்சன், ஹால் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்வீடன் தொழிலாளர்கள் 13,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து மூன்றாவதையும் சேர்த்தார்கள்: கூட வேலை செய்கிறவர்களின் துணை. அந்த இரண்டோடு துணையும் இல்லாதவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது. ஆக, உங்கள் நெஞ்சுப் பிடிப்பை நான் கற்பனை என்று தள்ளவில்லை.

பசங்க மேல் வருத்தம் வேண்டாம். அவர்களுக்கு லீவும் ஓவர்டைமும் நீங்கள்தான் போடுகிறீர்கள், உங்கள் எதிரில் எப்படிப் புலம்புவார்கள்? பழைய கூட்டத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசரைப் பிடியுங்கள். அவருக்கும் இதே கதையாகத்தான் இருக்கும். ஷிப்ட் மாறும்போது இருவரும் 15 நிமிஷம் சேர்ந்து நின்று கணக்கை ஒப்படைக்க வழி செய்யுங்கள் என்று மேனேஜரிடம் கேளுங்கள். 'டென்ஷனா இருக்கு சார்' என்று போனால் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார். குறிப்பாக ஒன்றைக் கேட்டால் செய்வார், செய்யாவிட்டாலும் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். வார லீவில் தெருவில் கேரம் ஆடுகிற இடம் இருந்தால் போய் உட்காருங்கள். அங்கே யாரும் உங்களை சார் என்று கூப்பிடமாட்டார்கள்.

மனைவியிடம் இன்றிரவே சொல்லுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரும் வரட்டும், அந்த மாத்திரை அட்டையும் வரட்டும். ஈசிஜியைவிட அதைத்தான் முதலில் கேட்பார்கள்.