கஞ்சா எண்ணெய் தூக்கம் தருமா?

கேள்வி: மேட்டூர் திறந்ததிலிருந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்ற கவலையில் என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் புரள்கிறார். அமெரிக்காவிலிருந்து கொழுந்தனார் மகன் ‘சிபிடி’ சொட்டுமருந்து அனுப்புகிறேன் என்கிறான். கஞ்சாச் செடிச் சரக்காமே! கொடுக்கலாமா டாக்டர்?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: செடி அதுதான் அம்மா. ஆனால் போதை ஏற்றுவது அதிலுள்ள டிஹெச்சி என்ற வேதிப்பொருள்; ‘சிபிடி’ எனப்படும் கன்னாபிடியால் என்ற பொருள் அல்ல. கொலராடோ மனநல கிளினிக் ஒன்றில் 72 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. பெரும்பாலோருக்குத் தினம் 25 மில்லிகிராம். முதல் மாதத்தில் 57 பேருக்குப் பதற்றம் குறைந்தது. தூக்கம் 48 பேருக்குத் தேறியது. ஆனால் அது போகப்போக ஏறி இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கிய குழு கிடையாது. வேறு சிகிச்சையும் கூடவே நடந்தது. குணம் எதனால் என்று யார் சொல்வது? எனக்கு இது போதாது.

பார்சலே வேண்டாம். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் மாட்டினால் உள்ள தூக்கமும் போய்விடும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர் என்றால் இன்னும் ஆபத்து.

தூக்கம் வந்த பிறகே பாயை விரிக்கட்டும். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழட்டும். சாயங்காலக் காபி கூடாது (டெல்டாக்காரரிடம் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கே கொஞ்சம்தான்!). சரியாகாவிட்டால் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குறட்டை விடுவாரா என்று எழுதவில்லையே. விட்டால் அதையும் அங்கே சொல்லுங்கள்.