வாள், கத்தி சேகரிப்பவர்களுக்காக ஆயுதச் சட்டத்தில் எதை மாற்றலாம்?

கேள்வி: வாள், குத்துவாள் போன்றவற்றைப் பொழுதுபோக்காகச் சேகரிப்பவர்களையும் பயிற்சிக்கு வைத்திருப்பவர்களையும் இந்தியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? அதில் மாற்றம் தேவையா?

தேவை. ஆனால் நீங்கள் நினைக்கிற மாற்றம் இல்லை.

முதலில் என் கதை. பதினைந்து வருடமாகச் சிலம்பம் பழகுகிறேன். வீட்டில் நான்கு பயிற்சி வாள், சாட்டை மாதிரி வளையும் ஒரு சுருள்வாள், உதய்ப்பூர் கடைவீதியில் பேரம் பேசி வாங்கிய கட்டாரி என்ற குத்துவாள், டார்ஜிலிங்கில் வாங்கிய இரண்டு குக்ரி (கூர்க்காக்களின் வளைந்த கத்தி), தாத்தா காலத்து வேல்கம்பு எல்லாம் இருக்கின்றன. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பாயில் பரப்பி, தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பேன். வீட்டம்மா அன்று மட்டும் கூடத்துப் பக்கம் வரமாட்டார்.

சில வருடங்களுக்கு முன் மானாமதுரையில் ஒரு கோயில் திருவிழாவில் விளையாடிவிட்டு மதுரைக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். துணியில் சுற்றிய இரண்டு வாள் காலடியில். திருப்பாச்சேத்தியில் ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய புது அரிவாள் இரண்டு. அந்த ஊர் அரிவாளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சீமைக்கருவேலம் வெட்ட என்றார்.

வழியில் போலீஸ் சோதனை. அரிவாளைப் பார்த்தார்கள், "எங்க பெரியவரே வாங்குனீங்க, என்ன விலை?" என்று கேட்டுவிட்டு என் துணி மூட்டையைப் பிரித்தார்கள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்த காவலர், "என்னப்பா, வாழைப்பழம்கூட வெட்டாது போலிருக்கே" என்றார். இருந்தாலும் இறக்கிவிட்டார்கள். எங்கள் வாத்தியார் வந்து ஸ்டேஷனில் பேசி என்னை மீட்க நாலு மணி நேரம் ஆனது. பெரியவர் அதே பேருந்தில் அரிவாளோடு மதுரை போய்ச் சேர்ந்திருப்பார்.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபமில்லை. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போடுகிற கூட்டத்தை வாரா வாரம் பிடிக்கிறவர் அவர். வாள் என்றால் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆனாலும் அன்று இரவே சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், துப்பாக்கி வைத்திருக்க நாடு முழுக்க உரிமம் வேண்டும். அது 3ஆம் பிரிவு. வாள், கத்தி வகையறாவுக்கு 4ஆம் பிரிவு. ஒரு குறிப்பிட்ட பகுதியில் இவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று அரசிதழில் அறிவிக்கை வந்தால்தான் அங்கே உரிமம் தேவை. டெல்லியில் 1980இல் அப்படி ஒன்று வந்தது: பட்டனை அமுக்கினால் விரியும் கத்தி, அதன் அலகு (வெட்டும் பகுதி) 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் உரிமம் வேண்டும் என்று. ஆக, அறிவிக்கை இல்லாத ஊரில் வீட்டுச் சுவரில் ஒரு வாளை மாட்டி வைப்பது தன்னளவில் குற்றமில்லை. இதைச் சொன்னால் பாதி வக்கீல்களே நம்புவதில்லை.

சிக்கல் அடுத்த இடத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, சீக்கியர்கள் அணியும் கிர்பான், குக்ரி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்று ஒரு பட்டியல். அதில் விலக்கு யாருக்கு? வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில். அவ்வளவுதான். விளையாட்டு இல்லை. கலை இல்லை. சேகரிப்பு இல்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் 'விவசாய'த்தில் தப்பித்தார். நான் எதில் தப்பிப்பது?

யோசித்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் நம் சென்னையின் பவானி தேவி. அவர் விளையாடும் சேபர் என்ற வகை வாளின் அலகு 88 செ.மீ. வரை இருக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா என்ற தேசிய இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இதையெல்லாம் கொண்டாடுகிற அரசு, அந்தப் பட்டியலில் 'விளையாட்டு' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை.

பழைய ஆயுதங்களின் கதை இன்னும் வேடிக்கை. சட்டத்தின் 45ஆம் பிரிவு, தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதம் 'சுடுபடையாக', அதாவது துப்பாக்கியாக, 'பயன்படுத்த முடியாததாக' இருந்தால் விலக்கு என்கிறது. பழைய துப்பாக்கியை மனதில் வைத்து எழுதிய வரி. எழுத்துக்கு எழுத்துப் படித்தால் எந்த வாளாலும் சுட முடியாது, ஆகவே தஞ்சாவூர் அரண்மனைக் காலத்து வாளுக்கும் விலக்கு உண்டு என்றுதான் நான் படிக்கிறேன். இந்த இலக்கணத்தை ராத்திரி பதினோரு மணிக்குச் சோதனைச் சாவடியில் நின்று விளக்கிப் பாருங்கள்!

பிரிட்டனில் இதே தலைவலி வந்தது. மலிவான சாமுராய் வாள்களை வைத்து வெட்டுக்குத்து பெருகியதால், 2008 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அலகு 50 செ.மீ.யோ அதற்கு மேலோ நீளமுள்ள வளைந்த வாள்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தார்கள். அதிலேயே வரலாற்றுப் போர்களை நடித்துக் காட்டுகிறவர்களுக்கும் தற்காப்புக் கலைக்காரர்களுக்கும் விலக்கு எழுதியிருந்தார்கள். பாரம்பரிய முறையில் கையால் அடித்துச் செய்த வாள்களுக்கும் அதே வருடம் விலக்கு வந்தது. தடை கடுமைதான், ஆனால் உண்மையான பொழுதுபோக்குக்காரன் யார் என்று சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். சலுகைகூட இல்லை, ஒரு பெயர்.

ஐந்தாம் வகையின் விலக்கில் விளையாட்டு, கலை, வழிபாடு, சேகரிப்பு என்று நான்கு சொல் சேரட்டும். வெளியே கொண்டு போகும்போது உறையிட்டு, கட்டி, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும் என்று விதி போடட்டும், சந்தோஷமாகக் கடைப்பிடிப்பேன். 4ஆம் பிரிவின் கீழ் எந்தெந்தப் பகுதி அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழில் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டலாம். வயதைக் கேட்காமல் ஆன்லைனில் பட்டாக்கத்தி விற்பதைத் தடுத்தால் முதலில் கை தட்டுவது நானாகத்தான் இருப்பேன். சேகரிப்பாளர்கள் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

அதுவரை என்ன செய்கிறேன்? வாங்கிய ரசீதுகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். விழாவுக்குப் போகும்போது அழைப்பிதழ் கையில் இருக்கும். பெட்டிக்குள், 'இவர் என் மாணவர், இவை கூர் இல்லாத பயிற்சி வாள்கள்' என்று வாத்தியார் எழுதிக் கொடுத்த கடிதம். அதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது. ஆனால் கீழே வட்ட முத்திரை குத்தியிருக்கிறார், இதுவரை இரண்டு சோதனையில் அந்த முத்திரைதான் வேலை செய்தது.