கோசம் ஐந்து, ஃபிராய்டின் கூறு மூன்று: ‘நான்’ குறித்த கேள்வி பதில்

கேள்வி: உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு சொன்ன இட், ஈகோ, சூப்பர் ஈகோ எல்லாம் நம்முடைய மனம், புத்தி, அகங்காரம்தானே ஐயா? பெயர்தான் வேறு என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்பவர்கள் இரண்டில் ஒன்றை அரைகுறையாகப் படித்திருப்பார்கள். 1923இல் இந்தப் பகுப்பை முன்வைத்தபோது ஃபிராய்டுக்கு முன்னால் இருந்தது நோயாளிகளின் உள்மோதல். இட் எனும் ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது. பெற்றோரிடமிருந்து உள்ளே குடியேறிய கண்டிப்பான சூப்பர் ஈகோ மறுபக்கம் தடுக்கிறது. இடையில் வெளியுலகத்தையும் பார்த்துச் சமாளிக்கிறது ஈகோ.

வேதாந்தத்தின் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள், நான்கும் மோதலைச் சொல்ல வந்தவை அல்ல. இருட்டில் ஏதோ நிற்கிறது. ‘மனிதனா, கட்டையா’ என்று தடுமாறுவது மனம். முன்பு கண்டவற்றை எடுத்துக்கொடுப்பது சித்தம். ‘கட்டைதான்’ என்று தீர்மானிப்பது புத்தி. ‘நான் பார்த்தேன்’ என்று சொந்தம் கொண்டாடுவது அகங்காரம். இதில் சூப்பர் ஈகோவுக்கு நேரானது எது? தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று: இந்த நான்கும் வெறும் கருவிகள், இவற்றை அறிகிற சாட்சி வேறு என்பதுதான் வேதாந்தத்தின் உயிர்நாடி. ஃபிராய்டின் வரைபடத்தில் அந்தச் சாட்சிக்கு இடமே இல்லை.

கேள்வி: பஞ்ச கோசங்களும் (ஆன்மாவைப் போர்த்திய ஐந்து உறைகள்) உளவியலாளர் மாஸ்லோவின் ஐந்து தேவைகளும் ஒன்றா?

பதில்: எண்ணிக்கை ஒன்று, அவ்வளவுதான். மாஸ்லோ 1943இல் கேட்டது, மனிதனை எது உந்துகிறது என்று. தைத்திரீய உபநிடதமோ ‘நான்’ எது என்று தேடி, உணவாலான உடல் எனும் அன்னமயத்தில் தொடங்கி, அதற்கும் உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று என்று ஆனந்தமயம் வரை அழைத்துச் செல்கிறது.

கேள்வி: உளவியலாளர் யுங் சொன்ன ‘நிழல்’, சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலமா (உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு)?

பதில்: இல்லை. நிழல் என்பது ‘இது நானல்ல’ என்று நாம் ஒதுக்கித் தள்ளிய குணங்கள். அடையாளம் கண்டு ஏற்றுக்கொண்டால் ஆள் முழுமை பெறுகிறான் என்பது யுங்கின் கட்சி. ஆணவமோ அநாதி, உயிரோடு ஒட்டியே இருப்பது. அதை ஏற்று அணைத்துக்கொள்ளச் சித்தாந்தி சொல்லமாட்டார். மலம் பக்குவப்பட்டு அருளால் அதன் வலிமை அடங்க வேண்டும் என்பார்.

கேள்வி: ‘நான்’ என்று ஒன்று இல்லை என மூளை அறிவியல் நிரூபித்துவிட்டதாமே? அப்படியானால் நிலையான ‘நான்’ இல்லை என்ற புத்தர் வென்றுவிட்டாரா?

பதில்: மூளை ஆய்வாளர் கசானிகாவின் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்டவர் ஒருவர். அவருடைய இடப் பாதிக்குக் கோழிக்கால் படத்தையும், வலப் பாதிக்குப் பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னதும், இடப் பாதி இயக்கும் வலக்கை கோழியைக் காட்டியது. வலப் பாதி இயக்கும் இடக்கை, பனி அள்ள உதவும் மண்வாரியைக் காட்டியது. மண்வாரி எதற்கு? பேசுவது இடப் பாதி. அது பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் துளிக்கூடத் தயங்காமல், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய என்றார்!

ஆக, நம் செயல்களுக்கு விளக்கம் சொல்லும் ‘நான்’ பல நேரம் கதைகட்டி. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று மணிமேகலை எண்ணும் ஐந்து கந்தங்களின் தொகுப்பே ஆள், தனியே ‘நான்’ இல்லை என்ற பௌத்தக் கருத்துக்கு இது ஆதரவுதான். ஆனால் சாட்சி உண்டு என்னும் அத்வைத வேதாந்தியும் இதைக் கேட்டுச் சிரிப்பார்: ‘கதை கட்டுவது அகங்காரம் என்று நானும்தானே சொன்னேன்?’ சாட்சி உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்க இந்தச் சோதனையால் ஆகாது. வென்றது யார் என்று தீர்ப்பெழுதுவது அவசரம்.

கேள்வி: சில மாதங்களாக ‘நான் யார்’ என்று விசாரித்து வருகிறேன். இப்போது கண்ணாடியில் என் முகமே அந்நியமாகத் தெரிகிறது. பேசுவது நானில்லை போலிருக்கிறது. பயமாக இருக்கிறது. அகந்தை கரைகிறதா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். தன்னிலிருந்தே விலகிப்போனது போன்ற இந்த உணர்வு மனநல மருத்துவர்களுக்குப் பழக்கமானது. கடும் பதற்றத்திலும் தூக்கம் கெட்டாலும் வரும். தீவிர தியானத்திலும் சிலருக்கு வருவதுண்டு. இப்போதைக்கு விசாரணையை நிறுத்திவிட்டு, இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தியானம் செய்ததை மறைக்க வேண்டாம். தினமும் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், இது எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.