முதலில் இறகைப் பாருங்கள்

கேள்வி: காலையில் வாசல் மரத்தடியில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. என் மகன் கையில் எடுத்து வந்துவிட்டான். அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்திருக்கிறோம். "மனிதக் கை பட்டுவிட்டது, இனித் தாய் சேர்க்காது" என்கிறார் என் மாமியார். பால் புகட்டலாமா? எப்படி வளர்ப்பது?
– ஒரு வாசகி

பதில்: இதழ் வரும்வரை குஞ்சு தாங்காது என்பதால், உங்கள் மின்னஞ்சலைப் பார்த்ததுமே தொலைபேசியில் பேசிவிட்டேன். அடுத்து இப்படி ஒரு குஞ்சைக் காண்பவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

நான் உங்களிடம் முதலில் கேட்டது, "உடம்பில் இறகு இருக்கிறதா?" என்பதுதான். உடல் முழுக்க இறகு மூடி, வால் மட்டும் கட்டையாக, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது தவறி விழுந்த குஞ்சாக இருக்காது. பறக்கப் பழகக் கூட்டை விட்டு இறங்கியிருக்கும். சிறு பறவைகள் பலவற்றின் குஞ்சுகள் பொரித்த இரண்டு வாரங்களில் இப்படி இறங்கிவிடும். தாயும் தந்தையும் தரைக்கே வந்து இரை ஊட்டும். நாம்தான் நல்ல எண்ணத்தில் தூக்கிப்போய்ப் பிரித்துவிடுகிறோம். பூனை, நாய் நடமாட்டம் இருந்தால் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உங்களிடம் இருந்தது வேறு. கண் பாதி திறந்திருக்கிறது, சிறகில் இறகுமுளைகள் இன்னும் விரியாமல் பேனா முள் போல நிற்கின்றன என்றீர்கள். அது கூட்டில் இருக்கவேண்டிய குஞ்சு. உடல் சில்லென்றிருந்தால் உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்துச் சூடேற்றிய பிறகு, கூட்டிலேயே வைத்துவிடுங்கள். கூடு சிதைந்துவிட்டால், அடியில் துளையுள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே மரத்தில் பழைய இடத்துக்கு அருகே நிழலாகப் பார்த்துக் கட்டுங்கள். பச்சைப் புல் வேண்டாம். அதன் ஈரம் குஞ்சைக் குளிரவைத்துவிடும்.

உங்கள் மாமியாரின் அச்சம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் கைவாசனைக்காகப் பறவை தன் குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. கத்தும் குரலும் பிளந்து காட்டும் வாயுமே அதை இழுத்து வரும். வைத்துவிட்டு நாம் மரத்தடியிலேயே நின்றால் அது வரத் தயங்கும். வராததைப் பார்த்துக் கை பட்டதன் மேல் பழி போடுகிறோம். வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியே ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள்.

பால் மட்டும் வேண்டவே வேண்டாம். பறவைக்கு அது செரிக்காது. தண்ணீரும் சொட்டுச் சொட்டாக விடாதீர்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது மருந்துக் குழலால் ஒரு குஞ்சுக்குத் தண்ணீர் விட்டேன். இரண்டு முறை இருமுவதுபோல் தலையை உதறியது, பிறகு என் உள்ளங்கையிலேயே துவண்டுவிட்டது. காரணம் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. குஞ்சு வாயைப் பிளக்கும்போது நாக்கு முடியும் இடத்தில் ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும். அது மூச்சுக்குழாயின் வாசல். நான் விட்ட தண்ணீர் அதன் வழியே நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இன்றும் யாராவது மருந்துக் குழலை எடுத்தால் எனக்குப் பதறுகிறது. குஞ்சுக்கு வேண்டிய நீர் பெற்றவை கொண்டுவரும் புழுவிலேயே இருக்கிறது.

பூனை கவ்விய குஞ்சு என்றால் காயம் தெரியாவிட்டாலும் கூட்டில் வைக்கக் கூடாது. பூனையின் வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாட்களில் இறந்துவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறகு தொங்கினாலும், பெற்றவை வரவே இல்லை என்றாலும் காற்றோட்டமுள்ள, இருட்டான பெட்டியில் வைத்து மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பு மையத்திலோ சேர்த்துவிடுங்கள். வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: பொடிக்குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை, அந்த இனத்துக்கு ஏற்ற இரை வேண்டும்.

அன்று நீங்கள் மறுபடி அழைத்தபோது கூடை கட்டி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. உங்கள் மகன்தான் பேசினான். தாய் இரண்டு முறை கிளைவரை வந்து திரும்பிவிட்டதாம். மூன்றாவது முறை அலகில் பச்சைப் புழுவோடு கூடையின் விளிம்பில் உட்கார்ந்ததாம்.